லெனோராவுக்கு நான் சொன்ன இடங்கள்

புது முகாமுக்குப் போய்ச் சேர்ந்ததும் பலர் முதலில் நாற்காலியை எடுத்து வெளியே போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அது தவறு. முதலில் வண்டியைச் சமன்படுத்த வேண்டும். வீட்டு வண்டி ஓர் அங்குலம் சாய்ந்திருந்தாலும் குளிர்சாதனப் பெட்டி முரண்டு பிடிக்கும், அலமாரிக் கதவுகள் தாமாகத் திறந்துகொள்ளும், படுத்தால் தலை கனக்கும். நான் வண்டியின் தரையில் ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பேன். எந்தச் சக்கரம் தாழ்ந்திருக்கிறதோ அதன் கீழே கட்டைகளை அடுக்கி, மெல்ல ஏற்றி நிறுத்துவேன். அடுத்து மின்சாரம், தண்ணீர், கடைசியில் கழிவுக்குழாய். இருபது நிமிட வேலை. ஆறு வருடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் இதைச் செய்திருக்கிறேன். ஒரு முறையும் அவசரப்பட்டதில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஆபீசர், காலையில் நீங்கள் "ஏதோ ஒரு பதற்றத்துல நடந்துடுச்சா, மெர்ல்?" என்று கேட்டீர்கள். நல்ல மனதோடுதான் கேட்டீர்கள். ஆனால் நான் பதறுகிற ஆள் இல்லை. நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன்.

இடாஹோவில் முப்பது வருடம் பால் டாங்கர் ஓட்டினேன். என் மனைவி லெனோரா மாவட்ட நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்தாள். முப்பத்திரண்டு வருடம். எங்கள் ஊரில் எந்த வேலி எந்த ஆண்டு எத்தனை அடி தள்ளிப் போடப்பட்டது என்று கேட்டால், கேரட் நறுக்குகிற கையை நிறுத்தாமல் சொல்வாள். எந்தக் காட்டில் கொண்டுபோய் விட்டாலும் வடக்கு எது என்று அவளுக்குத் தெரியும். எனக்குத் திசை பிடிபடாது. டாங்கர் தினமும் ஒரே பாதையில் போய் வந்தது, அதனால் பிழைத்தேன்.

ஓய்வு பெற்றதும் வீட்டை விற்று வண்டியை வாங்கினோம். ஓட்டுவது நான், வழி சொல்வது அவள். "இடதுன்னா உன் இடது, மெர்ல். எதிர்ல வர்றவனோட இடது இல்ல" என்பாள். முகாம்களில் மாலையில் எல்லோரும் நெருப்பைச் சுற்றி உட்காரும்போது, "இவரைக் குளிக்க அனுப்பினாக்கூடக் கையில ஒரு மேப் குடுத்துத்தான் அனுப்பணும். இல்லன்னா அடுத்தவங்க வண்டிக்குள்ள போய்த் துண்டோட நிப்பாரு" என்பாள். சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவள் கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. அதை நான் எப்போதும் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

முதல் முறை நடந்தது ஒரு விளையாட்டு. ஒன்றரை வருடத்துக்கு முன்பு. அவளுக்கு ஒவ்வாமை, தும்மலுக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு வண்டியின் பின்கட்டிலில் மதியம் முழுக்கத் தூங்கினாள். மாண்டானாவில் ஓர் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தியபோதுதான் எழுந்தாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "எங்க இருக்கோம்?" என்றாள்.

நான் வேறோர் ஏரியின் பெயரைச் சொன்னேன். எண்பது மைல் தெற்கே இருப்பது.

அவள் மலையைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை அதுவரை நான் பார்த்ததில்லை. கூட்டத்தில் கையை விட்டுவிட்ட குழந்தையின் முகம். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஏன் அப்படித் தோணல? வயசாயிடுச்சு போல" என்றாள். உண்மையைச் சொல்லிச் சிரிக்கத்தான் நினைத்திருந்தேன். ஆனால் அவள் கையை எடுக்கவில்லை. இரவுச் சாப்பாடு வரைக்கும் என் பக்கத்திலேயே இருந்தாள். சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு முறை, இரண்டு முறை. மாத்திரையை அவளே போட்டுக்கொள்ளும் நாட்களுக்குக் காத்திருந்தேன். பிறகு காத்திருக்கவில்லை. மதியத் தேநீரில் தேன் நிறைய விட்டால் மாத்திரையின் கசப்பு தெரியாது. அவள் தூங்கும்போது வண்டியைக் கிளப்பிவிடுவேன். எழுந்ததும், "நேத்தே வந்துட்டோமே. நீதான ஏரி அழகா இருக்குன்னு சொன்னே?" என்பேன். அவள் மூக்குக்கண்ணாடியை உறையிலிருந்து எடுத்துக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பேன். அவள் சொல்லாத கதைகளைச் சொன்னதாகச் சொல்வேன். பெரிய பொய் ஒன்றும் இல்லை. எல்லாம் சின்னச் சின்னது.

ஒரு நாள் அவளே, "நான் டாக்டரைப் பாக்கணும்" என்றாள்.

"போன மாசம் பாத்தோமே, லெனோரா."

"என்ன சொன்னாரு?"

"ஆரம்ப நிலைதான்னாரு. அலைச்சல் கூடாது, கேள்வி கேட்டுக் குழப்பிக்கக் கூடாதுன்னாரு."

அவள் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அன்றைக்கு அவளுக்குப் பிடித்த சோள சூப் வைத்தேன். அந்த ஒன்றரை வருடம் அவளை நான் கவனித்துக்கொண்டது போல யாரும் யாரையும் கவனித்திருக்க மாட்டார்கள். சட்டைப் பொத்தானைக்கூட நான் போட்டுவிட்டேன். பாய்ஸியில் இருக்கும் அவள் தங்கை கோரினைக் கேளுங்கள். வாரம் தவறாமல் நான் அவளுக்குப் போன் செய்து நிலவரம் சொன்னேன். "உங்கள மாதிரி ஒருத்தர் கிடைக்க எங்க அக்கா குடுத்து வச்சிருக்கணும், மெர்ல்" என்று அழுதாள். லெனோராவின் போன் அதற்குள் தொலைந்துவிட்டிருந்தது. நான்தான் ஆற்றில் போட்டேன்.

இந்தக் கோடையில் ஆரிகன் கடற்கரைக்கு வந்தோம். முதலில் ஹெரன் விரிகுடா என்ற முகாம். அங்கேதான் நான் ஒரு தவறு செய்தேன். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, வண்டி ஓட்ட முடியவில்லை. மூன்று வாரம் ஒரே இடத்தில் தங்கவேண்டியதாயிற்று.

ஒரே இடத்தில் இருக்கவும் லெனோரா தேறத் தொடங்கினாள். எங்கள் வண்டிக்குப் பின்னால், கதவைத் திறந்தால் இடது கைப்பக்கம், புதர்களுக்கு நடுவே ஒரு பாதை மணலுக்கு இறங்கியது. தினமும் காலையில் தனியாகப் போய்வந்தாள். கன்னத்தில் நிறம் வந்தது. ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்கி முகாமை வரைந்தாள். குளியல் கூடம், குப்பைத் தொட்டி, ஒவ்வொரு மரம். வரைந்ததை என்னிடம் காட்டி, "எல்லாம் சரியா இருக்கு பாரு. எனக்கு மறக்கல" என்றாள்.

பிறகு ஒரு நாள் காலை உணவின்போது, "இங்கயே குளிர்காலம் முழுக்க இருந்துடலாம், மெர்ல். கோரினை வரச் சொல்லலாம். அவகிட்ட நானே பேசறேன்" என்றாள்.

நானே பேசறேன் என்றாள். முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

எங்கள் வண்டிக்குப் பின்னால் ஒரு சின்ன காரை இழுத்துக்கொண்டு போவோம். இடுப்பு சரியானதும், மளிகை வாங்கப்போவதாகச் சொல்லி அந்தக் காரில் நாற்பது மைல் வடக்கே போனேன். அங்கே கடல் முனையின் மேலே இன்னொரு முகாம். அதே ஸ்ப்ரூஸ் மரங்கள், அதே புதர்கள், அதே பனிமூட்டம், அதே அலைச் சத்தம். ஒவ்வோர் இடமாக நடந்து பார்த்தேன். ஒன்பதாம் எண் இடம் பிடித்திருந்தது. கதவு திறக்கும் பக்கம் இடது கையில் புதருக்குள் ஒரு பாதை போனது. ஒரு வாரத்துக்குப் பதிவு செய்தேன்.

இதுவரை இன்றைக்கு வந்ததை நேற்றே வந்ததாகவும், ஓர் இடத்தில் இருந்தபோது வேறு இடமாகவும் சொல்லியிருந்தேன். இந்த முறை நகர்ந்துவிட்டு, நகரவே இல்லை என்று சொல்வது. அவள் வரைபடத்தை அவளே நம்பாமல் போனால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் அவள் தூங்கினாள். மூன்று மணிக்குப் புது இடத்தில் வண்டியை நிறுத்தினேன். சமன்படுத்தினேன். பாயை விரித்தேன், இரண்டு நாற்காலிகளை அதே கோணத்தில் போட்டேன், தேன்சிட்டுக்குத் தண்ணீர் வைக்கும் சிவப்புப் புட்டியை அதே கிளை உயரத்தில் தொங்கவிட்டேன்.

அப்போது முகாம் பொறுப்பாளர் ட்ரூடி தன் சின்ன மின்வண்டியில் வந்தாள். எழுபது வயதிருக்கும், பெரிய வைக்கோல் தொப்பி. சுரைக்காய் போட்டுச் சுட்ட ரொட்டி ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். நான் விரலை உதட்டில் வைத்து அவளைச் சற்றுத் தள்ளி அழைத்துப்போனேன்.

"என் மனைவிக்கு ஞாபக மறதி. மூணு வாரமா பழைய முகாம்லயே இருக்கறதா நினைச்சுக்கிட்டிருக்கா. மாத்திச் சொன்னா ரொம்பப் பதறிடுவா."

ட்ரூடியின் கண் கலங்கிவிட்டது. "எங்கம்மாவுக்கும் இதான். கடைசில என்னையே யாருன்னு கேட்டாங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், நீங்க கவலப்படாதீங்க" என்றாள். கிளம்பும்போது திரும்பி, "அந்தப் பாதைப் பக்கம் மட்டும் அவங்கள விட்டுடாதீங்க. போன மழையில கரை சரிஞ்சு போச்சு. பலகை வச்சுக் கயிறு கட்டியிருக்கோம்" என்றாள்.

நன்றி சொன்னேன். அவள் போன பிறகு பலகையைக் கழற்றி, கயிற்றையும் சுருட்டி, வண்டியின் அடிப்பெட்டியில் வைத்தேன். நீங்கள் அங்கிருந்துதான் எடுத்தீர்கள். ஹெரன் விரிகுடாவில் பலகை கிடையாது. இருந்தால் லெனோரா குழம்பியிருப்பாள்.

புதன்கிழமை காலை அவள் கதவைத் திறந்து படியில் நின்றாள். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூட்டம். கொஞ்ச நேரம் காதுகொடுத்துக் கேட்டாள்.

"கடல் சத்தம் கீழ இருந்து வருது."

"தண்ணி உள்வாங்கியிருக்கு. அதான்."

"நடந்துட்டு வரேன்."

"இன்னிக்கு வேணாம். பாதையெல்லாம் சேறு."

அவள் கேட்டுக்கொண்டாள். வியாழக்கிழமை ட்ரூடி எட்டிப்பார்த்தாள். லெனோரா வெளியே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புதிய முகங்களைப் பிடிக்கும். உட்காரச் சொன்னாள், காபி கொடுத்தாள். பேச்சுக்கு நடுவே மிகச் சாதாரணமாக, "நாங்க இங்க வந்து எத்தன நாளாச்சுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா? பதிவேடு உங்ககிட்டதான இருக்கும்?" என்று கேட்டாள்.

ட்ரூடி என்னைப் பார்த்தாள். நான் தலையை லேசாக அசைத்தேன்.

"மூணு வாரம் இருக்கும், கண்ணு" என்றாள் ட்ரூடி.

"உங்கள நான் இதுக்கு முன்னாடி பாத்திருக்கேனா?"

"பாத்திருக்கீங்களே. போன வாரம்கூட ரொட்டி கொண்டாந்தேனே."

லெனோரா பட்டாணிக் கிண்ணத்தை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். "மன்னிச்சுக்கங்க. எனக்கு இப்பல்லாம் சரியா இல்ல" என்றாள். ட்ரூடி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இரண்டு பெண்களும் அழுதார்கள். ட்ரூடியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பொய் தொண்டையில் சிக்கிக்கொண்டு சாப்பிட முடியவில்லை என்றுதான் உங்களிடம் வந்தாளாம். நல்லவர்கள் பொய் சொன்னால் அவர்களுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை.

வெள்ளிக்கிழமை நான் தண்ணீர்க் குழாயைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது லெனோரா வண்டியைச் சுற்றி நடந்தாள். குனிந்து சக்கரங்களைப் பார்த்தாள். மறுபடி சுற்றினாள்.

"கட்ட மாறியிருக்கு, மெர்ல்."

"என்ன கட்ட?"

"இடது பின்சக்கரத்துக்குக் கீழ மூணு கட்ட இருந்துச்சு. இப்ப அதுல ஒண்ணுமே இல்ல. வலது பக்கம் ரெண்டு இருக்கு."

"மண்ணு இறங்கிடுச்சு. நான்தான் மாத்தினேன்."

"மூணு அங்குலத்துக்கு மேல, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிடுச்சா?"

"ஈரம்தான."

"ஆமா. ஈரம்தான்" என்றாள். சிரித்தாள். உள்ளே போய்விட்டாள்.

அன்று தேநீரை அவள் குடிக்கவில்லை. குடிப்பதுபோல் வைத்திருந்து, நான் திரும்பியபோது கழுவு தொட்டியில் ஊற்றினாள். தேனின் பிசுக்கு தொட்டியில் இருந்தது. மாலையில் அவளே முட்டை அடித்து ஆம்லெட் போட்டாள். போடும்போது சீழ்க்கை அடித்தாள். ஒன்றரை வருடமாக அவள் சீழ்க்கை அடித்து நான் கேட்கவில்லை. அதைக் கேட்டதும் எனக்கு வந்ததைப் பயம் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணி. மூட்டம் இன்னும் கனமாக இருந்தது. அவள் நடைக்காலணி போட்டு, அதன் கயிற்றைக் கட்டி, நோட்டுப் புத்தகத்தைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு படியில் நின்றாள்.

"மெர்ல், அந்தப் பாதையில நான் தினமும் நடந்தேன். நடக்கும்போது அடிய எண்ணறது எனக்குப் பழக்கம், வேலையில வந்த பழக்கம். நூத்திப் பன்னெண்டாவது அடில மணல் வரும். இப்ப நான் நடக்கப் போறேன். மணல் வந்தா எனக்கு வியாதிதான். நீ எங்க சேத்தாலும் போறேன், ஒரு வார்த்த பேச மாட்டேன். வரலன்னா கோரினுக்குப் போன் போடணும். அவ்வளவுதான்."

"சரி."

"அதுக்கு முன்னாடி என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

மூன்று படிகளுக்கு மேலே அவள், கீழே நான். நிறைய நேரம் கொடுத்தாள். அதை நான் மறுக்கவில்லை.

"போய்ப் பாரு. மணல் இருக்கும்" என்றேன்.

முதல் வாக்குமூலத்தில் அந்த நேரம் நான் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்ததாகச் சொன்னேன். அவள் தானாக வழி தவறிப் போய்விட்டாள் என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். பக்கத்து வண்டிக்காரர்கள் சாப்பாடு கொண்டுவந்து வைத்தார்கள். நான் கிளம்பும் நாளில் ஒருவர் என் குழாயைக் கழற்றி, கட்டைகளை எடுத்து, காரைப் பின்னால் மாட்டிக்கொடுத்தார். இப்போது உங்கள் மருத்துவர் அவள் மூளையைத் திறந்து பார்த்து ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருக்கிறார். அது எனக்குச் செய்தி இல்லை. லெனோரா வாழ்க்கையில் ஒரு நாளும் வழி தவறியவள் இல்லை. அந்த ஒரு வரியை நான் திருத்திக்கொள்கிறேன்.

நான் அவள் பின்னாலேயே போனேன். பத்தடி இடைவெளி. அவள் உரக்க எண்ணிக்கொண்டு போனாள். நான் பின்னால் வருவது அவளுக்குத் தெரியும். இருபது வரைக்கும் சாதாரணமாக நடந்தாள். பிறகு மெதுவாக. நாற்பதுக்கு மேல் ஒவ்வோர் அடிக்கும் முன்காலை நீட்டித் தரையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பாரத்தை வைத்தாள். அளவைக்காரர்கள் சதுப்பு நிலத்தில் அப்படித்தான் நடப்பார்கள். ஐம்பத்தெட்டில் நின்றுவிட்டாள். புதர் அங்கே முடிந்தது. வெறும் வெள்ளை. காற்று கீழேயிருந்து மேலே வீசியது.

ஆமாம், ஆபீசர். அவள் விழவில்லை. நின்றுவிட்டாள்.

திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன். இல்லை. முகமெல்லாம் ஈரம், அழுகையா மூட்டமா தெரியவில்லை, ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒண்ணும் இல்ல, மெர்ல். நான் நல்லாத்தான் இருக்கேன். எனக்கு ஒண்ணுமே இல்ல" என்றாள். திருமணமான புதிதில், சொந்தமாக வரைந்த முதல் வரைபடம் அச்சாகி வந்த அன்று, இப்படிச் சிரித்தாள். இத்தனை சந்தோஷத்தை நான் தராமல் அவளே எடுத்துக்கொண்டாள்.

பிறகு சொன்னாள். "நான் கத்த மாட்டேன். போலீஸுக்குப் போக மாட்டேன். கோரின் வீட்டுக்குப் போயிடறேன், நீ வண்டிய வச்சுக்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் செய். நாம எங்க இருக்கோம்னு உன் வாயால ஒரு தடவ சொல்லு."

முகாமின் பெயர் எனக்குத் தெரியும். எத்தனையாவது மைல்கல் என்று தெரியும். இரண்டு சொல்தான். முயன்றேன். பத்தடியையும் கடந்து அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டு முயன்றேன். அவள் காத்திருந்தாள், முதுகைக் கடலுக்குக் காட்டி, என்னை முழுசாக நம்பி. வாய் வரவில்லை. கை வந்தது.

தள்ளினார் என்றே நீங்கள் எழுதிக்கொள்ளலாம், நான் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கீழே இன்னொரு வரியும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் கோரின் இதைப் படிப்பாள். நாற்பத்தொரு வருட வாழ்க்கையில் நான் லெனோராவின் மேல் கை வைத்தது அந்த ஒரே ஒரு முறைதான்.